மனச்சோர்வுக்குக் கமரா என்ன செய்யும்?

"சும்மா கிடந்து யோசிக்காதை, ஏதாவது ஒண்டில மனசை விடு." யாழ்ப்பாணத்தில் இதைச் சொல்லாத வீடு இல்லை. கொஞ்சக் காலமாக அந்த 'ஏதாவது ஒன்று' பெரும்பாலும் படம் எடுப்பதாக இருக்கிறது. கையில் போன் இருக்கிறது, பண்ணைக் கடலில் பொழுது சாய்கிறது, நாலு படம் எடுத்தால் மனம் ஆறும் என்கிறார்கள். இன்னொரு கூட்டம் இதைக் கேட்டுச் சிரிக்கிறது: "படம் எடுத்தா வருத்தம் மாறுமோ? அது வேலையில்லாதவன்ரை கதை."

இரு பக்கத்திலும் பாதி உண்மை இருக்கிறது. படம் எடுத்தல் மனச்சோர்வுக்கு மருந்து கிடையாது. ஆனால் அளவறிந்து, நேரம் குறித்துச் செய்தால் மனச்சோர்வு இயங்கும் விதத்தில் குறிப்பிட்ட ஓரிடத்தை அது தொடும். அந்த இடம் எது என்று தெரியாமல் தொடங்குகிறவர்கள்தான் இரண்டு கிழமையில் கைவிட்டுவிட்டு, "எனக்கு இதுவும் சரிவரேல்லை" என்று முன்னரைவிடக் கூடுதலாகச் சோர்ந்து போகிறார்கள்.

## கவலை வேறு, மனச்சோர்வு வேறு

சோதனை பிழைத்தால் மனம் வாடும். வெளிநாட்டு அலுவல் குழம்பினாலும் வாடும். நல்ல சேதி ஒன்று வந்தால், பிள்ளை ஓடிவந்து மடியில் ஏறினால், கொஞ்சம் தெளியும். அது கவலை. மனச்சோர்வு என்று வைத்தியர்கள் சொல்வது, குறைந்தது 2 கிழமையாக, அநேகமாக ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதி நீடிக்கிற தாழ்ந்த மனநிலையை, அல்லது எதிலுமே நாட்டமில்லாமல் போவதை. நித்திரை, பசி, உடம்பின் தெம்பு, கவனம், தன்னைப் பற்றிய மதிப்பு எல்லாம் கூடவே குழம்பும். எங்கள் பக்கத்தில் இது மனதின் பெயரில் வருவது குறைவு. நாரி உளைவு, தலையிடி, நெஞ்சுப் பாரம், 'ஒரே களைப்பு' என்று உடம்பின் பெயரில்தான் கிளினிக் வாசலுக்கு வரும்.

இதில் படம் எடுத்தலோடு நேரடியாகச் சம்பந்தப்படுவது அந்த நாட்டமின்மைதான். இதை இன்பமிழப்பு என்பார்கள்: முன்பு சந்தோசம் தந்தது இப்போது தராது, தரும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பழுத்து விழுகிற காலமாக இருக்கும், குசினி மேசையில் கூடையோடு இருக்கும், எழுந்து போய் ஒன்றை வெட்டத் தோன்றாது.

'உனக்குப் பிடிச்சதைச் செய்' என்ற ஆலோசனை ஏன் விழலுக்கு இறைத்த நீராகிறது என்பது இப்போது விளங்கும். பிடித்தது என்று ஒன்று இல்லாமல் போவதே நோய். இருக்கிற ஆசையை வைத்துத் தொடங்கச் சொல்வது, கால் முறிந்தவனை வைத்தியரிடம் ஓடிப் போகச் சொல்வது மாதிரி.

## மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்

1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டில் பெற்றோல் தங்கத்துக்குச் சமம். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அதில் ஒரு சிக்கல்: குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, ஆவியாகாவிட்டால் பற்றாது. அதனால் முதலில் சில துளி பெற்றோலை விட்டு உதைப்பார்கள். இயந்திரம் பற்றி, சூடேறியதும் அந்தச் சூடே மண்ணெண்ணெயை ஆவியாக்கும். அதன்பிறகு ஓட்டம் தானாக நடக்கும்.

ஆசையும் மண்ணெண்ணெய் மாதிரித்தான். சுகமாக இருக்கும்போது அது தானாகப் பற்றுவதால், ஆசை முதலில் வரும், செயல் பின்னால் வரும் என்று நினைத்துப் பழகிவிட்டோம். மனச்சோர்வில் இயந்திரம் குளிர்ந்துபோய்க் கிடக்கிறது. ஆசை வரட்டும் என்று காத்திருப்பது, குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டு உதைத்துக்கொண்டே இருப்பது போன்றது. முதலில் வேண்டியது சில துளி செயல். ஆசை இல்லாமலே, நேரம் பார்த்து, மிகச் சிறிய அளவில் செய்கிற ஒரு செயல். சூடு அதிலிருந்து வரும்.

இந்த எண்ணத்தின் மீது கட்டப்பட்ட முறையான சிகிச்சை ஒன்று உண்டு. நடத்தைச் செயற்படுத்தல் என்று அதற்குப் பெயர்: மனநிலை மாறும்வரை காத்திராமல், திட்டமிட்ட சிறு செயல்களால் மனநிலையை மாற்றுதல். 1970களில் அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சன் இதற்கு அடித்தளம் போட்டார். 2016இல் இங்கிலாந்தில் 440 பேரைக் கொண்டு நடந்த ஆய்வொன்றில், இந்த எளிய முறை, அதிகப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே வழங்கக்கூடிய, எண்ணங்களைப் பேசித் திருத்தும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குப் பின்தங்கவில்லை என்று கண்டார்கள். ஆசைக்கு முன் செயல், செயலுக்கு முன் ஒரு நேரம்: இதுவரை சொன்னது இவ்வளவுதான்.

## வட்டம் எப்படிச் சுற்றுகிறது

ஒரு கலியாணவீட்டுக்கு அழைப்பு வருகிறது. போனால் நாலு பேர் "என்ன மெலிஞ்சு போனாய்?" என்று கேட்பார்கள். போகாமல் விட்டால் உடனே ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை மூளை குறித்து வைத்துக்கொள்கிறது: போகாமல் விட்டால் சுகம். அடுத்த முறை சந்தைக்குப் போவதும் பாரமாகிறது, பிறகு போன் எடுப்பது, பிறகு முகம் கழுவுவது. இதற்குத் தவிர்ப்பு என்று பெயர். உடனே கிடைக்கும் சிறு நிம்மதிக்காக, பின்னால் கிடைக்கக்கூடிய நல்லவற்றை ஒவ்வொன்றாக இழப்பது. செய்வது குறையக் குறைய, நாளில் நல்லதாக எதுவும் நடக்கும் வாய்ப்பும் குறையும். அது குறைய மனம் இன்னும் தாழும். தாழ்ந்த மனம் இன்னும் குறைவாகச் செய்யும்.

வட்டத்துக்குள் இன்னொரு சில்லும் சுற்றுகிறது: அசைபோடல். மாடு தின்றதையே திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து மெல்வது போல, நடந்ததையே திரும்பத் திரும்ப மெல்வது. (தமிழில் இனிய நினைவுகளையும் அசைபோடுவோம். இங்கே சொல்வது கசப்பை மட்டும் மெல்வதை.) ஊரில் 'யோசினை' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். "யோசிக்காதை" என்று சொன்னால் நிற்காது. யோசிக்காமல் இருப்பது ஒரு செயலே இல்லை, அதைச் செய்ய முடியாது. கண்ணுக்கும் கைக்கும் வேறு வேலை கொடுத்தால் அந்த நேரத்துக்கு மெல்லுதல் இடைநிற்கும்.

## ஏன் கமரா

உண்மையைச் சொன்னால் கமராதான் வேண்டும் என்றில்லை. கோலம் போடலாம், தைக்கலாம், வெண்டிக்கன்று நடலாம். பொருத்தமான செயலுக்குத் தொடக்கமும் முடிவும் இருக்க வேண்டும், கையால் செய்ய வேண்டும், முடிந்ததும் கண்ணுக்குத் தெரிய ஏதாவது மிஞ்ச வேண்டும், மோசமான நாளில் அளவைச் சுருக்க முடிய வேண்டும். யூடியூப்பில் மற்றவர் செய்வதைப் பார்ப்பது இந்தக் கணக்கில் சேராது.

படம் எடுத்தல் இவை எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. மேலதிகமாக, வெளிச்சம் இருக்கும் இடத்துக்கு ஆளை இழுக்கிறது. காலை வெளிச்சம் கண்ணில் படுவது உடலின் நித்திரைக் கடிகாரத்தைச் சரிசெய்ய உதவும். மனச்சோர்வில் முதலில் குழம்புவதில் ஒன்று அந்தக் கடிகாரம். ஊருக்குள் இன்னொரு நன்மையும் உண்டு. ஒழுங்கை முகப்பில் ஒருவர் தனியே சும்மா நின்றால், போகிற வருகிற எல்லாரும் காரணம் கேட்பார்கள். கையில் போனோடு பூவரசம்பூவைப் பார்த்துக்கொண்டு நின்றால் அவ்வளவு கேட்கமாட்டார்கள்.

ஆனால் எல்லாப் படமும் ஒன்றல்ல. 2014இல் வெளியான ஓர் ஆய்வில், அருங்காட்சியகத்தில் பொருட்களை முழுதாகப் படம் எடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவர்களைவிட அவை குறைவாகவே நினைவில் நின்றன. கமரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் விட்டுவிடுகிறது. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தபோது அந்த இழப்பு ஏற்படவில்லை. ஆகவே எங்கள் தேவைக்குக் கடற்கரையில் 80 படம் தட்டுவதைவிட, கிணற்றுக் கப்பியின் ஒரு மூலையை மூன்று தரம் எடுப்பது மேல்.

சுருக்கினால், கமரா மூன்று வேலை செய்கிறது: படுக்கையிலிருந்து வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது, அசைபோடும் கண்ணை வெளியே திருப்புகிறது, 'இன்றைக்கு ஒன்று செய்து முடித்தேன்' என்பதற்குச் சாட்சி வைக்கிறது.

## 15 நிமிடம், 3 படம்

உங்களிடம் இருக்கிற போன் போதும். புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம்.

நேரத்தை முதல்நாளே குறியுங்கள். 'காலமை' என்று பொதுவாக வைத்தால் நடக்காது. 6.30 என்று வையுங்கள். ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒன்றோடு முடிச்சுப் போட்டுவிடுவது இன்னும் நல்லது: தேத்தண்ணி குடித்து, கோப்பையைக் கழுவி வைத்த கையோடு. சூரியன் எழுந்த முதல் ஒரு மணித்தியாலம் வெளிச்சம் சரிந்து விழும், நிழல் நீளும், சாதாரணப் பொருளுக்கும் ஒரு வடிவம் வரும். 10 மணிக்குப் பிறகு எங்கள் வெயில் எல்லாவற்றையும் வெளிறச் செய்துவிடும். அந்த நேரத்தில் எடுத்துவிட்டு 'எனக்குப் படம் எடுக்கத் தெரியாது' என்று முடிவு கட்டுகிறவர்கள் பலர். பிழை வெயிலில்.

போனை 'ஏரோப்பிளேன் மோட்' நிலையில் போடுங்கள். வட்ஸ்அப் சத்தம் கேட்டால் அந்தப் 15 நிமிடமும் போய்விடும். லென்சைப் பழைய பருத்தித் துணியால் துடையுங்கள். படம் மங்கலாக வருவதற்குப் பல நேரம் விரல் எண்ணெய்தான் காரணம். பண்ணை, காரைநகர் பக்கம் போய் வந்தால் உப்புப்படலம் படியும். அதை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறு விழும். முதலில் ஊதி, மெல்ல ஈரமாக்கிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

ஒரே ஒரு பொருள். கிணற்றுக் கப்பியையே எடுத்துக்கொள்வோம். முதல் படம் நாலடி தூரத்தில்: கப்பி, கயிறு, பின்னால் வாழை. இரண்டாவது, இரண்டு அடி கிட்டப் போய்: கயிறு கப்பியில் ஏறும் இடம் மட்டும். மூன்றாவது ஒரு சாண் தூரத்தில். இங்கே நின்று பாருங்கள். கயிற்றில் நார் பிரிந்து நிற்கும், ஒவ்வொரு நாரிலும் வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும் விழும், இரும்பில் கயிறு தேய்த்த இடம் மினுங்க மற்ற இடம் துருவாக இருக்கும். திரையில் அந்த இடத்தை விரலால் ஒருதரம் தொட்டால் கூர்மை அங்கே பதியும். தொட்ட இடத்தில் வரும் சிறு சூரியக் குறியைக் கீழே இழுத்தால் வெளிச்சம் குறைந்து, வெளிறிய நிறங்கள் திரும்பும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை மெல்ல விட்டபடி அழுத்துங்கள். விரலால் பெருப்பிக்காமல் காலால் கிட்டப் போங்கள். ஆனால் ஒரு சாணைவிட மிகக் கிட்டப் போனால் அநேக போன்கள் தடுமாறும், படம் கலங்கும். கலங்கினால் நாலு விரல் பின்னுக்கு வாருங்கள்.

மூன்று படத்தோடு நிறுத்துங்கள், இன்னும் எடுக்கலாம் போலிருந்தாலும். நல்ல நாளில் 50 எடுத்துவிட்டால் அடுத்த நாளுக்கு அந்த 50 அளவுகோலாகிவிடும். இந்த முறை பெரும்பாலும் முறிவது அங்கேதான்.

மோசமான நாளுக்கு ஒரு படிவரிசையை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். படுக்கையில் கிடந்தபடி யன்னல் வெளிச்சம், ஒரு படம். அதற்கு அடுத்தது விறாந்தைத் தூண் நிழல். பிறகு முற்றம், படலை, ஒழுங்கை முடிவு, சந்திக் கடை. இன்று எந்தப் படி முடியுமோ அதில் நில்லுங்கள். நேற்றுச் சந்திக்குப் போனவர் இன்று யன்னலோடு நின்றால் அது தோல்வியில்லை, அளவு மாற்றம். ஒருநாள் முழுதாகத் தவறினால் அடுத்த நாள் ஈடுசெய்யப் பார்க்காமல், ஒரு படி கீழே இறங்கித் தொடங்குங்கள்.

## கொப்பியில் இரண்டு இலக்கம்

எடுக்கப் போகும் முன், 'இது எவ்வளவு நல்லாயிருக்கும்' என்று 0 முதல் 10 வரை ஓர் இலக்கம். எடுத்து முடிந்ததும் 'எவ்வளவு நல்லாயிருந்தது' என்று இன்னோர் இலக்கம். பழைய கொப்பி போதும். இப்படி இருக்கும்:

செவ்வாய், 6.30, கப்பி. முன் 1, பின் 3. இரவு நித்திரை 4 மணித்தியாலம்.
புதன், எடுக்கவில்லை. மழை, தலையிடி.
வியாழன், 6.45, யன்னல். முன் 0, பின் 2.

3 பெரிய இலக்கம் அல்ல. ஆனால் பாருங்கள், இரண்டு நாளும் பின் இலக்கம் முன் இலக்கத்தைவிட இரண்டு கூடியிருக்கிறது. மனச்சோர்வு 'போனாலும் ஒன்றுமில்லை' என்று முன்கூட்டியே சொல்லும். அந்த முன்கணிப்பு எத்தனை தரம் பிழைக்கிறது என்பதைக் கொப்பி காட்டும். வாயால் எத்தனை ஆறுதல் சொன்னாலும் வராத நம்பிக்கை, தன் கையெழுத்தில் நாலு கிழமைக் கணக்கைப் பார்க்கும்போது வரக்கூடும். பின் இலக்கம் தொடர்ந்து குறைந்தே வந்தால் அதுவும் சேதிதான்: பொருளை, நேரத்தை அல்லது செயலையே மாற்ற வேண்டும்.

படங்களை அன்றன்றைக்கே பார்த்துத் தரம் பிரிக்க வேண்டாம். சோர்ந்த மனம் கடுமையான நீதவான், எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லும். கிழமைக்கு ஒருநாள், பகலில், வீட்டில் ஒருவரோடு இருந்து பார்த்து ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். இரவு படுக்கையில் போன் வெளிச்சத்தில் படத்துக்கு நிறம் பூசிக்கொண்டிருந்தால் நித்திரை இன்னும் கெடும்.

## எங்கே பிழைக்கிறது

முதல் பிழை காசு. நல்ல கமரா இருந்தால் ஆர்வம் வரும் என்று லீசிங்கில் எடுப்பது. ஆர்வம் வராது, தவணை வரும்.

இரண்டாவது பேஸ்புக். மற்றவருக்குக் காட்டுவதற்காக என்று எண்ணிப் படம் எடுக்கும்போது அனுபவத்தின் இன்பம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தன்னை மற்றவர் எப்படிப் பார்ப்பார் என்ற எண்ணம் நடுவில் வந்து நிற்பதே காரணம். மனச்சோர்வில் அந்த எண்ணம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. முதல் இரண்டு மாதம் எங்கும் போடாமலிருப்பது நல்லது. காட்டத்தான் வேண்டுமென்றால், நம்பிக்கையான ஒருவருக்கு ஒரு படம்.

மூன்றாவது இந்த மண்ணுக்கே உரியது. இடிந்த வீடு, கைவிடப்பட்ட வளவு, பழைய அல்பம் எல்லாம் கமராவுக்கு நல்ல பொருளாகத் தெரியும். போரில் ஆளையோ வீட்டையோ இழந்தவருக்கு அவை நல்ல பொருளல்ல. எடுக்கும்போது நெஞ்சு படபடத்து, வியர்த்து, அந்த நாள் திரும்ப நடப்பது போலிருந்தால் அங்கேயே நிறுத்தி, காலை நிலத்தில் அழுத்தி நின்று, சுற்றியுள்ள ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்லுங்கள். அந்த நினைவுகளைத் தொட ஒரு பயிற்சி பெற்றவர் பக்கத்தில் வேண்டும், தனியே போனோடு கூடாது. அதோடு, முகாம், காவலரண், விமானநிலையப் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். ஆட்களை எடுக்க முன் கேளுங்கள். நெஞ்சுரம் குறைந்த நாளில் ஓர் அதட்டல் போதும், மூன்று மாதத்துக்கு வெளியே வரமாட்டீர்கள்.

நாலாவது கொஞ்சம் வேடிக்கை. கை தேறியதும் சொந்தக்காரர் ஒருவர் சாமத்தியவீட்டுக்குப் படம் எடுக்கக் கூப்பிடுவார். போனால் அது வேலை. 300 பேர், லைட், 'இன்னொருக்கா எடு தம்பி'. உழைப்பாக வேண்டுமென்றால் பிறகு பார்க்கலாம். இப்போதைக்கு இல்லை என்று சொல்லலாம்.

வீட்டார் செய்கிற பிழை 'எழும்பிப் போய்ப் படம் எடு' என்று அனுப்புவது. உத்தரவாக மாறினால் அதுவும் ஒரு சுமை. 6.30க்கு நீங்களும் முற்றத்துக்கு வந்து நில்லுங்கள். 'இப்ப சந்தோசமா?' என்று கேட்காமல், 'எதை எடுத்தாய், காட்டு' என்று கேளுங்கள்.

## பிளக்கிலேயே கரி பிடித்திருந்தால்

மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிளில், தீப்பொறி தருகிற பிளக்கில் கரி பிடித்துவிட்டால் எத்தனை துளி பெற்றோல் விட்டும் பயனில்லை. பிளக்கைக் கழற்றத்தான் வேண்டும். நாள் முழுக்கப் படுக்கை, சாப்பாடு இறங்காமல் மெலிவு, ஆளில்லாத குரல் கேட்பது, வாழ்ந்து பயனில்லை என்ற எண்ணம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் கமராவைப் பற்றிய பேச்சுக்கு இடமில்லை. வைத்தியரிடம் போக வேண்டும். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன, அரச வைத்தியசாலையாதலால் கட்டணமில்லை. சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் தனியே விடாதீர்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, இரவு பகல் எடுக்கலாம். உயிராபத்தென்றால் 1990 அம்புலன்ஸ்.

வைத்தியர் குருதிப் பரிசோதனை எழுதினால் 'மனசுக்கு ஏன் ரத்தம்' என்று தள்ளிப் போடாதீர்கள். தைரொயிட் குறைவும் குருதிச்சோகையும் மனச்சோர்வு வேடத்தில் வரும். மருந்து தந்தால் முதல் 2 முதல் 4 கிழமைக்குப் பெரிய மாற்றம் தெரியாமலிருக்கலாம், பக்கவிளைவு முந்தி வரலாம். அந்த இடைவெளியில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். சுகம் கண்ட பிறகும் பல மாதம் தொடரச் சொல்வார்கள், கேட்காமல் நிறுத்தக்கூடாது. படம் எடுப்பதால் குளிசையைக் குறைக்கலாம் என்று நீங்களாகக் கணக்குப் போடவும் கூடாது. எதிர்ப்பக்கமும் ஒன்று: திடீரென்று நித்திரையே தேவையில்லாமல், இரவிரவாகப் படம் எடுத்து, கடன்பட்டு லென்ஸ் வாங்கி, பேச்சும் வேகமாகிவிட்டால் அது குணமாவதன் அறிகுறி என்று மகிழ வேண்டாம். அன்றே வைத்தியருக்குத் தெரிவிக்க வேண்டும், வேறு வகை நோயின் தொடக்கமாக இருக்கலாம்.

கிளினிக்குப் போகும்போது கொப்பியைக் கையோடு கொண்டு போங்கள். வரிசை நீளம், உள்ளே கிடைக்கும் நேரம் கொஞ்சம், "எப்பிடி இருக்கிறீங்கள்?" என்று கேட்டால் பழக்கதோசத்தில் "பரவாயில்லை டொக்டர்" என்று வாய் சொல்லிவிடும். நாலு கிழமையின் நித்திரைக் கணக்கும், முன் இலக்கமும் பின் இலக்கமும், எடுக்காமல் விட்ட நாட்களும் அந்தப் பக்கத்தில் இருக்கும். அதை மேசையில் வைத்தால் போதும்.